கதவின் பக்கம் பந்து வந்த வருஷம்

பதினோரு வருஷத்தில் கெல்லர்டன் மைதானத்தின் ஒலிபெருக்கி எமில் பிலார்ச்சிக்கின் பெயரை இரண்டே தடவைதான் சொன்னது. ஒரு தடவை, அவன் வண்டி விளக்கை அணைக்காமல் நிறுத்திவிட்டு வந்திருக்கிறான் என்பதற்காக. இன்னொரு தடவை, அதை இன்னும் அணைக்கவில்லை என்பதற்காக.

இரண்டு தடவையும் எமில் மைதானத்தின் நடுவில்தான் இருந்தான். தன்னைப் போலவே கனமான ஒருவனை நெஞ்சோடு முட்டித் தள்ளிக்கொண்டிருந்தான். ஒலிபெருக்கிக்காரர் அதைக் கவனிக்கவில்லை. அவன் ஆடிய இடம் அப்படி. டைட் எண்ட் என்பவன் முட்டித் தள்ளுகிற தடியர்களின் வரிசையில் கடைசி ஆள். எறியப்படும் பந்தைப் பிடிக்கவும் விதிப்படி அவனுக்கு உரிமை உண்டு. எமிலுக்கு அந்த உரிமை, நகராட்சிக் கூட்டத்தில் எழுந்து பேசும் உரிமை மாதிரி. உண்டு, ஆனால் யாரும் அவனை எழுப்பியதில்லை.

வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டுச் சனிக்கிழமை மத்தியானம் சொந்தச் செலவில் எலும்பை உடைத்துக்கொள்கிற பெரியவர்களின் அமெரிக்க ஃபுட்பால் லீக் அது. எமிலுக்கு முப்பத்து நாலு வயது. கராஜ் கதவு பொருத்துகிற வேலை. கெல்லர்டனில் மேலே ஏறிக் கீழே இறங்குகிற கதவுகளில் பாதி அவன் மாட்டியவை. மீதிப் பாதி, மலிவாக மாட்டுகிறேன் என்று வேறு யாரோ மாட்டி, பிறகு அவன் போய்ச் சரிசெய்தவை. அணியில் அவனுக்குக் கதவு என்றே பெயர். வேலையால் வந்த பெயரா, ஆட்டத்தால் வந்த பெயரா என்று கேட்டால் ரெண்டும்தான் என்பார்கள். அவன் அணிக்காரன் ஒருவன் பந்தோடு ஓடும்போது எமில் ஒரு பக்கத்தைச் சாத்திவிடுவான். அந்தப் பக்கமாக யாரும் வர முடியாது. அவ்வளவுதான் அவன் ஆட்டம். அதில் அவனுக்குப் பயமே கிடையாது. ஆட்டத்துக்கு அரைமணி முன்னால் இரண்டு கொல்பாசி சாசேஜைப் பன்னில் வைத்துச் சாப்பிட்டுவிட்டு, ஏப்பத்தோடு வந்து நிற்பான்.

மனைவி மார்லா ஆற்றுக்கு அந்தப் பக்கம், வெஸ்ட் ஃபோர்ஜ்காரி. பாலம் தாண்டிப் பெண் எடுத்த செய்தியைக் கெல்லர்டனில் இன்றும் சற்றுக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். அவள் பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருக்கிறாள். யார் உள்ளே போவார்கள், யார் அடுப்பை அணைக்க மறந்துவிட்டேன் என்று சொல்லி ஓடுவார்கள் என்பதை, ஆள் நாற்காலியில் உட்காரும் விதத்திலேயே சொல்லிவிடுவாள். இந்தத் திறமையால் குடும்பத்துக்கு அதுவரை எந்தக் கெடுதலும் வந்ததில்லை.

அவளுடைய அண்ணன் ரஸ், டயர் கடைக்காரன், வெஸ்ட் ஃபோர்ஜ் அணியின் லைன்பேக்கர். தடுப்பு வரிசைக்குப் பின்னால் நடுவில் நின்று, பந்து எங்கே போகிறதோ அங்கே போய், அதை வாங்க வந்தவனை வந்ததற்காக வருந்தச் செய்வது அவன் வேலை. அந்த அணிக்குக் கோவேறு கழுதைகள் என்று பெயர். எதிரிகள் வைத்ததல்ல, அவர்களே கூடிப் பேசி வைத்துக்கொண்டது.

எமில் நிம்மதியாக இருந்த இந்த ஏற்பாட்டை ஒரே மாதத்தில் இரண்டு பேர் கெடுத்தார்கள். பந்தைத் துரத்தி ஓடிப் பிடிக்கிற வேகக்காரர்கள் இருவரில் ஒருவன் வேலை கிடைத்துக் கரோலினா பக்கம் போய்விட்டான். இன்னொருவனுக்கு இரட்டைக் குழந்தை பிறந்தது. அவன் தூங்குவதே இல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒருநாள் கண்ணயர்ந்து கோல் கம்பத்தில் மோதினான்.

பௌலிங் கூடம் நடத்துகிற ஓட்டிஸ்தான் அணிக்குக் கோச். கவுண்டரில் உப்புக் குப்பி, மிளகுக் குப்பிகளை அணியாக நிறுத்தி வைத்துக்கொண்டு யோசித்தார். இரண்டு குப்பிகளை எடுத்து ஓரமாக வைத்தார். மிச்சம் இருந்ததில் உயரமானது கெச்சப் புட்டி.

"கதவு, உன் உயரம் என்ன?"

"ஆறரை அடி, கோச்."

"கை?"

"ரெண்டு இருக்கு."

"அது போதும்" என்றார் ஓட்டிஸ்.

முதல் ஆட்டத்தில் எமில் இரண்டு பந்து பிடித்தான். அதில் ஒன்று, முகத்தில் அடிக்காமல் இருக்கக் கையை உயர்த்தியபோது தானாக மாட்டிக்கொண்டது. அடுத்த வாரம் மூன்று. அப்புறம் மூன்றோ நான்கோ. பந்தை எறிகிற குவார்ட்டர்பேக் டெரன்ஸ், வார நாட்களில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். நெருக்கடியில் கூட்டத்துக்கு மேலே தெரிகிற ஒரே கையைத் தேடி எறிவது அவனுக்குப் பழக்கமாகிவிட்டது. எட்டாம் வாரம் ஆறு பந்து. ஒலிபெருக்கிக்காரர் பிலார்ச்சிக் என்பதைச் சரியாக உச்சரிக்கக் கற்றுக்கொண்டார். வெள்ளிக்கிழமை தீயணைப்பு நிலையக் கூடத்தில் மீன் வறுக்கிற பெண்மணி அவன் தட்டில் மட்டும் ஒரு துண்டு கூடுதலாக வைத்தாள். பூசை முடிந்து கை குலுக்கும்போது பாதிரியார், "மூணாவது முயற்சியில பிடிச்சியே, அது" என்று தொடங்கி, பின்னால் வரிசை நிற்பது நினைவுக்கு வந்து, "ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக" என்று முடித்தார்.

இதெல்லாம் நடக்க நடக்க எமிலுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சாசேஜ் இரண்டிலிருந்து ஒன்றாகி, பிறகு அதுவும் நின்றது. சனிக்கிழமைகளில் உப்பு பிஸ்கட்டும் தண்ணீரும்தான். முட்டித் தள்ளுகிறவன் தவறினால் யாருக்கும் தெரியாது. எதிராளி நன்றாக ஆடினான் என்பார்கள். பிடிக்கிறவன் தவறினால் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் "அய்யோ" என்கிறார்கள். அந்தச் சத்தத்தை எமில் இதுவரை கேட்கவில்லை. ஆனால் வேலையில், கதவு ஸ்பிரிங்கை இறுக்கும்போதெல்லாம் அது காதில் விழுந்தது.

அரையிறுதியும் ஜெயித்தார்கள். இறுதி ஆட்டம் வெஸ்ட் ஃபோர்ஜோடு என்று முடிவானது. அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியில், காரில், மார்லா மைதானப் படியில் போட்டு உட்காரும் தன் ஆரஞ்சு மெத்தைத் துண்டைக் கால்மாட்டில்த் தட்டிவிட்டபடி சாதாரணமாகச் சொன்னாள்:

"இன்னிக்கும் ஒண்ணுகூடத் தப்பல. இந்த சீசன்ல மொத்தம் முப்பத்தொண்ணு."

"என்ன முப்பத்தொண்ணு?"

"முப்பத்தொரு தடவை உனக்கு எறிஞ்சாங்க. முப்பத்தொண்ணும் எறியறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்."

எமில் சிரித்தான். "எப்படி?"

"நீ ஒண்ணு செய்வே. பந்து உனக்குன்னா மட்டும் செய்வே."

எமிலின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. "என்ன செய்வேன்?"

"அதைச் சொல்ல மாட்டேன்."

"மார்லா! விளையாட்டா?"

"சொன்னா நிறுத்திடுவே."

"நிறுத்தத்தானே கேக்குறேன்!"

"அதனாலதான் சொல்ல மாட்டேன்" என்று அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தக் குரலில் ஏதோ இருந்தது. எமில் அதைக் கேட்கவில்லை. அவன் வேறொன்றைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"லோரிக்கு."

எமில் வண்டியை ஓரங்கட்டினான்.

லோரி, ரஸ்ஸின் மனைவி. இளவேனிலில் ஆறு பெருகி வெஸ்ட் ஃபோர்ஜ் மைதானத்தில் சேறு தேங்கிவிட்டதால், கழுதைகளும் இந்த வருஷம் கெல்லர்டன் மைதானத்திலேயே காலை வேளையில் ஆடினார்கள். ஆட்டம் முடிந்ததும் ரஸ் முழங்காலை ஐஸ் வாளியில் வைக்க வீட்டுக்குப் போய்விடுவான். லோரி மட்டும் அங்கேயே தங்கி, மூன்றாவது வரிசையில் நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து, உருளைக்கிழங்கு வறுவல் தின்றபடி ஊர்க்கதை பேசுவாள்.

"பந்தயம் வச்சோம்" என்றாள் மார்லா. "பந்து யாருக்குன்னு சொல்லணும். தோத்தவ வறுவல் வாங்கணும். அஞ்சு வாரம் அவதான் வாங்கினா. ஆறாவது வாரம் அவளும் கண்டுபிடிச்சிட்டா. அதுக்கப்புறம் பந்தயம் நின்னுபோச்சு. ரெண்டு பேரும் ஒரே பதிலைச் சொன்னா என்ன பண்றது?"

"அவ ரஸ்கிட்ட சொல்லியிருப்பாளா?"

மார்லா கொஞ்ச நேரம் நேர்மையாக யோசித்தாள். "லோரி யார்கிட்ட எதைச் சொல்லாம இருந்திருக்கா?"

மறுநாளிலிருந்து எமில் தன்னைத்தானே வேவு பார்க்கத் தொடங்கினான். குளியலறைக் கண்ணாடி முன் குனிந்து, ஒரு கையைத் தரையில் ஊன்றி, பந்து வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டான். கண்ணாடியில் அவன் முதுகு மட்டும்தான் தெரிந்தது. திங்கட்கிழமை வேலைக்குப் போன இடத்தில் பளபளப்பான புதுக் கதவு ஒன்றின் முன்னால் அதையே செய்து பார்த்தான். வீட்டுக்காரி, தனியாக வசிக்கும் திருமதி ஹூபர், காபியோடு வந்து சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எதையாவது தொலைச்சிட்டியாப்பா?"

"இல்லம்மா. நான் எப்படி இருக்கேன்?"

"முதுகு வலி மாதிரி இருக்கே" என்றாள் அவள், இரக்கத்தோடு.

படம் பார்த்தால் தெரியும் என்று தோன்றியது. ஒவ்வொரு ஆட்டத்தையும் ஓட்டிஸின் மைத்துனர் படியில் நின்று படம் பிடிக்கிறார். எமில் பௌலிங் கூடத்துக்குப் போய் ஒன்பது ஆட்டத்தையும் உட்கார்ந்து பார்த்தான். அந்த மனிதருக்குக் குவார்ட்டர்பேக்கைத் தவிர வேறு யாரும் மனிதராகப் படவில்லை. பந்து கையை விட்டுப் போன பிறகுதான் படம் மெல்லத் திரும்பி எமிலிடம் வந்தது. அதற்கு முன்னால், படத்தின் ஓரத்தில், ஒன்பது ஆட்டத்திலும் பதிவாகியிருந்தது அவனுடைய இடது முழங்கை மட்டும். அந்த முழங்கை குற்றமற்றதாகவே தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை டெரன்ஸிடம் கேட்டான்.

"உனக்கு எறியறப்ப நீ என்ன செய்வேன்னா? மூச்சு விடறதை நிறுத்திடுவே."

"அது ஸ்டாண்டுலேந்து தெரியாதே."

"அப்ப காதைச் சொறிவே."

"ஹெல்மெட்டுக்குள்ளயா?"

"அண்ணே, நான் பந்தைப் பாப்பனா, உன்னைப் பாப்பனா?"

பக்கத்தில் நிற்கிற தடியனைக் கேட்டான். நீ துப்புவாய் என்றான். அவனுக்குப் பக்கத்தவனைக் கேட்டான். நீ உன் அம்மாவின் மொழியில் யாரையோ திட்டுவாய் என்றான். ஆக எமில் மூச்சைப் பிடிக்காமலும் துப்பாமலும் திட்டாமலும் வியாழக்கிழமை பயிற்சியில் நின்றான். கால் எங்கே வைப்பது, நாக்கை எங்கே வைப்பது என்பதுகூட ஒரு கேள்வியாகிவிட்டது. நான்கு பந்து எறிந்தார்கள். நான்கும் கையில் பட்டுத் தரையில் விழுந்தன.

ஓட்டிஸ் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "கையை எங்கயாவது கழட்டி வச்சுட்டு வந்தியா?"

"இல்ல கோச்."

"பாரு கதவு. சனிக்கிழமை இப்படின்னா அடுத்த வருஷம் நான் வேற ஆளைத் தேடிக்குவேன். நீ பழையபடி முட்டிக்கிட்டு இருக்கலாம். உனக்கும் அதுதானே பிடிக்கும்? பிடிக்கும்னு நீயே எத்தனையோ தடவை சொல்லியிருக்கே."

உண்மைதான். எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். வீட்டுக்கு வண்டி ஓட்டிப் போகும்போது, அது அவ்வளவும் பொய் என்று எமிலுக்குத் தெரிந்தது. பதினோரு வருஷமாக யாரும் கேட்காததை வேண்டாம் என்று சொல்லி வந்திருக்கிறான். இப்போது வேண்டும். ஒலிபெருக்கி தன் பெயரைச் சரியாகச் சொல்வது வேண்டும், கூடுதல் மீன் துண்டு வேண்டும், பாதிரியாரின் பாதி வாக்கியமும் வேண்டும். இதை யாரிடமும் சொல்ல வெட்கமாக இருந்தது.

"கல்யாணத்தன்னிக்கு என்ன வாக்குக் குடுத்தே?" என்று மார்லாவிடம் கேட்டான். கடைசி முயற்சி.

"உடம்பு சரியில்லாதப்பவும் கூட இருப்பேன்னேன்."

"எனக்கு இப்ப உடம்பு சரியில்ல."

"கூடத்தானே இருக்கேன்" என்று முட்டைக்கோஸையும் நூடுல்ஸையும் கிளறிக்கொண்டே சொன்னாள்.

வெள்ளிக்கிழமை தீயணைப்பு நிலையத்தில் ஒரே மேஜையில் நான்கு பேர். கூடுதல் துண்டு வந்தது. எமில் அதைத் தொடவில்லை. ரஸ் அதை எடுத்துக்கொண்டான்.

"நாளைக்கு என்ன, ஆறா ஏழா?"

"பாக்கலாம்."

"பாக்கலாம் மச்சான், நல்லாப் பாக்கலாம்" என்று ரஸ் சிரித்தான். அது சாதாரணச் சிரிப்பா, தெரிந்தவனின் சிரிப்பா என்று எமில் உற்றுப் பார்த்தான். ரஸ் வாய் நிறைய மீனோடு எப்போதும் இப்படித்தான் சிரிப்பான். லோரியைப் பார்த்தான். ஊரில் எந்தச் செய்தியையும் முதலில் சொல்கிறவள், அன்று மேஜையில் தன் முன்னாலிருந்த கோஸ் சாலட்டைத் தவிர வேறெதையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அப்போது எமிலுக்குத் தெரிந்துவிட்டது.

சனிக்கிழமை மத்தியானம் வெயில் நன்றாக அடித்தது. லோரி இன்று எதிர்ப்பக்கப் படியில். மார்லா வழக்கமான இடத்தில், மூன்றாவது வரிசையில், ஆரஞ்சு மெத்தை மேல்.

எமிலுக்கு முதல் பந்து வந்தபோது ரஸ்ஸின் கை அதைத் தட்டிவிட்டது. இரண்டாவது பந்து வந்தபோது ரஸ்ஸே வந்தான். பந்து எங்கோ போனது. எமில் விலா எலும்பைப் பிடித்துக்கொண்டு புல்லைப் பார்த்துக் கிடந்தான். மூன்றாவது பந்தை ரஸ் இரண்டு கையாலும் பிடித்து, தன் சொந்தப் பந்து மாதிரி எடுத்துக்கொண்டு ஓடினான். "அய்யோ" என்றார்கள் ஆயிரம் பேர். எமில் வாரக்கணக்காகக் காதில் கேட்டுக்கொண்டிருந்த அதே சத்தம், சுருதிகூட மாறவில்லை. இடையில், பந்து வேறு யாருக்கோ போன தடவைகளில் ரஸ் அவன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டுக்குள் ஆள் இருப்பது தெரிந்தால் மட்டும் வருகிற கடன்காரன் மாதிரி.

இடைவேளையில் எமிலால் தண்ணீர்கூடக் குடிக்க முடியவில்லை.

மூன்றாம் பகுதி. நான்காவது பந்து, மறுபடி ரஸ், மறுபடி தரை. இந்தத் தடவை ரஸ் கை கொடுத்துத் தூக்கிவிட்டான். பெருந்தன்மை. அதோடு நின்றிருந்தால் வெஸ்ட் ஃபோர்ஜ் இன்று கோப்பையோடு இருந்திருக்கும். ஆனால் ரஸ்ஸுக்கு ஜெயிப்பது போதாது, ஜெயித்ததைச் சொல்லியாக வேண்டும். டயர் கடையிலும் அப்படித்தான்; ஆணியைக் காட்டாமல் பஞ்சரை ஒட்டமாட்டான்.

"மச்சான், ஒண்ணு கேக்கவா? ஆட்டத்துக்கு நடுவுல அவளை அப்படித் திரும்பித் திரும்பிப் பாக்காதேயேன். நான் அவ அண்ணன்டா. எனக்கே கூச்சமா இருக்கு."

சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

எமில் நின்ற இடத்திலேயே நின்றான். மெதுவாக, இப்போது தெரிந்தே, தலையைத் திருப்பினான். மூன்றாவது வரிசை. ஆரஞ்சு மெத்தை. அந்தத் திருப்பம் கழுத்துக்கு நன்றாகப் பழகியிருந்தது, மனசுக்குத்தான் புதிது. தூக்கத்தில் பேசுகிறாய் என்று யாரோ சொல்லி, என்ன பேசினாய் என்றும் சொன்ன மாதிரி இருந்தது. பந்து தனக்கு என்று தெரிந்ததும், பயத்தில், அவள் இருக்கிறாளா என்று பார்த்திருக்கிறான். இன்றைய நாலோடு முப்பத்தைந்து தடவை. கதவாக இருந்த பதினோரு வருஷத்தில் ஒரு தடவையும் பார்த்ததில்லை. அப்போது பயமில்லை, பார்க்கவும் தோன்றவில்லை. அவள் அத்தனை வருஷமும் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தாள்.

சொன்னா நிறுத்திடுவே என்று காரில் சொன்னாளே, அந்தக் குரல் இப்போதுதான் காதில் விழுந்தது.

அடுத்த பந்தும் அவனுக்குத்தான். எமில் குனிந்து, கழுத்தை இரும்புக் கம்பி மாதிரி வைத்துக்கொண்டு, எதிரே இருந்தவனின் ஷூ லேஸையே பார்த்தான். ரஸ் வேறு பக்கம் போனான். பந்து கையில் வந்து உட்கார்ந்தது. பன்னிரண்டு கஜம். ஒலிபெருக்கி பெயரைச் சொன்னது. ஆனால் பிடித்த பிறகு மார்லாவின் பக்கம் பார்க்க எமிலுக்குத் துணிச்சல் வரவில்லை.

அப்படியே ஊர்ந்து ஊர்ந்து கடைசி எட்டு விநாடிக்கு வந்துவிட்டார்கள். பதினேழுக்குப் பதின்மூன்று, வெஸ்ட் ஃபோர்ஜ் முன்னால். பந்தோடு தாண்டினால் ஆறு புள்ளி தருகிற கோட்டுக்கு மூன்று கஜம். ஒரே ஒரு முயற்சி பாக்கி. எல்லாரும் வட்டமாகக் கூடினார்கள். ஓட்டிஸ் சொல்லி அனுப்பியதை டெரன்ஸ் சொன்னான்: "கதவுக்கு. வலது மூலை. உயரத்துல போடறேன், எட்டிப் பிடி."

இதுதான் எமில் கேட்டது. இதற்காகத்தான் வாரம் முழுக்கக் கண்ணாடி முன் குனிந்தான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இந்தப் பயத்தோடு குனிந்தால் தலை தானாக மேலே போகும் என்று அவனுக்கு உறுதியாகத் தெரிந்தது. கழுத்தை இரும்பாக வைத்தாலும் போகும். ஷூ லேஸைப் பார்ப்பது ஒரு தடவை நடக்கும், இப்போது நடக்காது.

"எனக்கு எறியாதே" என்றான்.

"என்னண்ணே?"

"நான் மேல பாப்பேன். ரஸ் என்கூட வருவான், இன்னும் ரெண்டு பேரைக் கூட்டிட்டு வருவான். நீ இடது பக்கமா பந்தை எடுத்துக்கிட்டு நடந்து போ."

"கோச் என்னைக் கொன்னுடுவார்."

"ஜெயிச்சா மாட்டார்."

டெரன்ஸ் ஓரக்கோட்டில் நின்ற ஓட்டிஸைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான், எமிலின் முகத்தைப் பார்த்தான். "மூச்சை நிறுத்திட்டியே, அண்ணே" என்றான்.

வரிசையில் நின்றார்கள். எமில் கையைத் தரையில் ஊன்றினான். பந்து வராது என்று தெரியும். தெரிந்தும் பயந்தான். ரஸ்ஸுக்குச் சந்தேகம் வந்திருக்குமா? அந்தப் பன்னிரண்டு கஜத்துக்குப் பிறகு அவன் யோசித்திருப்பானா? எமிலின் தலை உயர்ந்தது. திட்டமிட்டதற்கு ஒரு நொடி முன்னாலேயே, அவனைக் கேட்காமல் உயர்ந்தது. மார்லா எழுந்து நின்றிருந்தாள். பச்சைச் சட்டை. கையில் வறுவல் தட்டு. அவன் பார்த்ததைப் பார்த்ததும் தட்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். இதுவரை முப்பத்தைந்து தடவை அவனை அப்படிப் பார்த்திருக்கிறாள். அவன் கண்டது இதுதான் முதல் தடவை.

"மேல பாத்துட்டான்! மேல பாத்துட்டான்!" என்று ரஸ் கத்தினான்.

எமில் வலது மூலைக்கு ஓடினான். பின்னால் மூன்று கோவேறு கழுதைகள். கையை உயர்த்தினான், மூன்று பேரும் அவன் மேல் விழுந்தார்கள். மேலே எடை, வாயில் புல், விலாவில் பழைய வலி. மைதானத்தின் அந்தப் பக்கத்தில் பெரிய சத்தம் எழுந்தது. "அய்யோ" இல்லை, வேறு சத்தம்.

முகத்துக்கு முகம் கிடந்த ரஸ் எமிலின் இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்தான். "பந்து எங்கடா?"

"என்கிட்ட இல்ல மச்சான்."

பத்தொன்பதுக்குப் பதினேழு. பந்தோடு கோட்டைத் தாண்டிய டெரன்ஸைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். ஒலிபெருக்கி டெரன்ஸின் பெயரை நான்கு தடவை சொன்னது. எமிலின் வண்டி விளக்கைப் பற்றிக்கூட ஒன்றும் சொல்லவில்லை. ஓட்டிஸ் உள்ளூர்ப் பத்திரிகைக்காரரிடம், இந்த ஏமாற்றை மூன்று வாரமாகத் தன் கவுண்டரில் வைத்துத் தயாரித்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு எமிலைத் தனியாகப் பிடித்தார்.

"மூணு பேரை இழுத்துட்டுப் போனே பாரு! அடுத்த வருஷம் உனக்குப் பெரிய வேலை இருக்கு கதவு. ஆட்டமே உன்னைச் சுத்தித்தான். பந்துகூடத் தர வேண்டியதில்லை."

எமில் தலையாட்டினான். கேட்டது கிடைத்ததா, பறிபோனதா என்று அவனுக்குப் புரியவில்லை. அதைவிடப் பெரிய கவலை ஒன்று காரில் உட்கார்ந்திருந்தது.

மார்லா மடியில் வறுவல் தட்டு, பாதி தின்றது. வண்டி கிளம்பிப் பாலத்துக்கு வந்தது. இன்று சாப்பாடு அவள் அம்மா வீட்டில். ஜெயித்தவர்களும் தோற்றவர்களும் ஒரே மேஜையில்.

"ரெண்டு தடவை தப்பாச் சொல்லிட்டேன்" என்றாள். "முதல் தடவை நீ பாக்கல, பந்து வந்தது. ரெண்டாவது தடவை பாத்தே, வரலை."

"ரஸ் சொல்லிட்டான்."

"தெரியும். அவன் வாய்." ஒரு வறுவலை எடுத்தாள், தின்னவில்லை. "கடைசியில பாத்தது ஆட்டத்துக்கா?"

எமில் சாலையைப் பார்த்தான். ஆமாம் என்றால் அது பொய். இல்லை என்றால் அதுவும் முழு உண்மையில்லை. திட்டம் போட்டது அவன்தான். ஆனால் தலை அவனுக்கு முன்னால் போய்விட்டது.

"பயமா இருந்துது" என்றான்.

"பந்து வராதுன்னு தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சும்."

மார்லா அதைப் பல் டாக்டரின் வரவேற்பறை நாற்காலியில் வைத்துப் பார்க்கிறவள் மாதிரி சற்று நேரம் பார்த்தாள். உள்ளே போகிற ஆளா, ஓடுகிற ஆளா என்று அவளாலேயே சொல்ல முடியவில்லை.

"இனிமே நீ பாத்தா நான் எப்படி நம்பறது?"

பாலத்தின் அந்த முனையில் சிவப்பு விளக்கு. எமில் வண்டியை நிறுத்தினான். பிறகு திரும்பி அவளைப் பார்த்தான். பந்து இல்லை, ரஸ் இல்லை, ஆயிரம் பேரும் இல்லை. இருந்தும் அதே பயம்.

"இப்ப எதுக்குப் பாக்குறே?"

"சும்மா."

"நம்ப மாட்டேன்" என்றாள். ஆனால் கையிலிருந்த வறுவலை அவன் வாயில் வைத்தாள். வாரம் முழுக்க உப்பு பிஸ்கட்டில் கிடந்த வயிறு அதை வாங்கிக்கொண்டது. எமில் பார்த்துக்கொண்டே இருந்தான்.

விளக்கு பச்சையானதை அவன் கவனிக்கவில்லை. பின்னால் டயர் கடை வண்டியின் ஹாரன் நீளமாக அடித்தது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி ரஸ் கத்தினான்:

"டேய்! முன்னாடி பாருடா!"